படத்தில் இருப்பவர் ஆர்த்தெமியெவ் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் சோவியத் காலத்து மின்னணு இசையைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் ஒரு தமிழ் நாளிதழ் பக்கம் ஒதுக்கும் என்று நான் நினைத்ததே இல்லை, முதலில் அதற்கு நன்றி. ஆனால் காபி ஆறுவதற்குள் மூன்று இடத்தில் பேனாவால் கோடு போட வேண்டியதாகிவிட்டது. ஒன்று, ஏ.என்.எஸ். என்ற மின்னணு இசை இயந்திரத்தின் பக்கத்தில் ஒருவர் நிற்கும் புகைப்படத்துக்குக் கீழே இருக்கும் பெயர். இன்னொன்று, மின்னணு இசையோடு நீங்கள் முடிச்சுப் போட்ட அந்த எக்ஸ்ரே ரெக்கார்டு சமாச்சாரம். மூன்றாவதுதான் பெரியது. "அரசு தடை செய்தது, கலைஞர்கள் ரகசிய அறைகளில் ஒளிந்து இசையமைத்தார்கள்" என்று எழுதியிருப்பது கேட்க நன்றாக இருக்கிறது, நடந்தது அப்படி இல்லை.

இதைச் சொல்ல நான் யார் என்று கேட்பீர்கள். இசை படித்தவன் இல்லை, சரளி வரிசைகூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. மதுரைப் பக்கம் தியேட்டரில் முப்பத்தைந்து வருஷம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் எழுதப்போகும் அந்த ஏ.என்.எஸ். இயந்திரம் எங்கள் புரொஜக்டரின் பங்காளி, அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

பதினேழு வயதில் நான் கேபினுக்குள் போன முதல் வாரம், எங்கள் மூத்த ஆபரேட்டர் அண்ணாச்சி ஒரு வேலை செய்து காட்டினார். படம் ஓடவில்லை, அரங்கம் காலி, இயந்திரத்தில் ஃபிலிம்கூட மாட்டவில்லை. சவுண்ட் விளக்கை மட்டும் போட்டுவிட்டு, அந்த விளக்குக்கும் எதிரே இருக்கும் போட்டோசெல்லுக்கும் நடுவில் ஒரு அட்டைத்துண்டை விட்டு மேலும் கீழும் ஆட்டினார். கீழே திரைக்குப் பின்னாலிருந்து டுப், டுப், டுப் என்று கேட்டது. ஆட்டுவதை வேகமாக்கினால் சத்தமும் வேகமானது. "டேய், வெளிச்சத்துக்குச் சத்தம் உண்டுடா" என்றார். சவுண்ட் வேலை செய்கிறதா என்று பார்க்க எல்லா ஆபரேட்டரும் செய்கிற சோதனைதான் அது, எனக்கு அன்றைக்கு மந்திரம் போலிருந்தது.

டிஜிட்டல் வந்தபின் பிறந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஃபிலிம் சுருளின் ஓரத்தில், துளைகளுக்கும் படத்துக்கும் நடுவே, மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு நெளிந்துகொண்டே போகும். வசனம், பாட்டு, சண்டையில் விழும் அடி எல்லாம் அந்தக் கோடுதான். சின்ன விளக்கிலிருந்து முடி அளவு பிளவு வழியாக வெளிச்சம் அந்தக் கோட்டில் விழும், கோடு அகலும்போது நிறைய வெளிச்சம், குறுகும்போது கொஞ்சம், அந்த ஏற்ற இறக்கத்தைப் போட்டோசெல் மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஃபிலிம் அறுந்து ஒட்டுப் போட்டால் ஒட்டு கடக்கும்போது 'டப்' என்று வெடிக்கும். அதற்கு மருந்து கருப்பு மை. ஒட்டின் மேல் சவுண்ட் கோட்டில் மையைச் சரிவாகப் பூசிவிட்டால் வெளிச்சம் மெதுவாக அடைந்து மெதுவாகத் திறக்கும், சத்தம் கேட்காது. கீறல் விழுந்தால் கரகரப்பு, மை பூசினால் மௌனம். அந்தக் கேபினில் நான் கற்ற இசை இலக்கணம் இவ்வளவுதான்.

சரி, இப்போது மாஸ்கோவுக்கு வருகிறேன். அந்த இயந்திரத்தைச் செய்த எவ்கேனி முர்ஸின் 1914-ல் பிறந்தவர், தொழிலால் ராணுவப் பொறியாளர். போர்க் காலத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கிக்கான கருவிகளில் வேலை, போருக்குப் பின் எதிரியின் பீரங்கி எங்கிருந்து சுடுகிறது என்பதை அதன் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கும் கருவிகள் போன்ற ஆராய்ச்சி. இது அலுவலகம். அலுவலகத்துக்கு வெளியே அவர் மண்டைக்குள் 1938-லிருந்தே ஓடிக்கொண்டிருந்தது வேறு. சினிமாவின் அந்த ஒளிக்கோட்டை வைத்து, வாத்தியமே இல்லாமல், வாசிப்பவரே இல்லாமல், இசையமைப்பாளர் தன் கையால் வரைந்தால் அப்படியே ஒலிக்கும்படி ஒரு இயந்திரம். யோசனையின் வேர் அவருக்கும் முந்தியது, 1930 வாக்கிலேயே அர்சேனி அவ்ராமொவ் என்ற ஆள் ஃபிலிமில் நேரடியாக வடிவங்களை வரைந்து சத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். இந்த அவ்ராமொவ் தனிக் கதை, 1922-ல் பாக்கு நகரத்தில் ஆலைச் சங்கு, கப்பல் ஊதல், பீரங்கி எல்லாவற்றையும் வைத்து ஊரையே ஒரு வாத்தியமாக்கி ஒரு சிம்ஃபொனி நடத்தினவர். அதற்குள் இப்போது போக வேண்டாம்.

முர்ஸின் இயந்திரம் முடிந்தது 1958-ல். இருபது வருஷம்! நடுவில் ஒரு உலகப் போர். அதற்கு அவர் வைத்த பெயர் ஏ.என்.எஸ்., அலெக்சாந்தர் நிகொலாயெவிச் ஸ்கிரியாபின் என்ற இசையமைப்பாளரின் முதலெழுத்துகள். 1915-ல் செத்துப்போன அந்த ஸ்கிரியாபின், தன் 'பிரமீதியஸ்' படைப்பில் இசையோடு வண்ண வெளிச்சமும் வாசிக்கப்பட வேண்டும் என்று நோட்டில் தனி வரியே எழுதி வைத்தவர். அவர் இசைக்குள் வெளிச்சத்தைக் கொண்டுவரப் பார்த்தார், முர்ஸின் வெளிச்சத்துக்குள்ளிருந்து இசையை எடுத்தார். பெயர் சும்மா வைக்கப்படவில்லை.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை உங்கள் கட்டுரை "சிக்கலான ஒளியியல் முறை" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டது. எனக்கு அதுதான் தாங்கவில்லை, ருசியே அங்கேதானே இருக்கிறது. கண்ணாடித் தட்டு ஒன்று, அதில் ஒன்றுக்குள் ஒன்றாக 144 வட்டங்கள், ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு சுத்தமான சுரத்தின் அலை அச்சாகியிருக்கும். தட்டு சுழலும்போது அதன் வழியாக வரும் வெளிச்சம் அந்தந்தச் சுரத்துக்கேற்ப நடுங்கும். ஒரு தட்டுக்கு இரண்டு ஸ்தாயி. இரண்டாவதாகச் செய்த பெரிய இயந்திரத்தில் இப்படி ஐந்து தட்டு, வெவ்வேறு வேகத்தில். ஆக 10 ஸ்தாயி, 720 சுரம். ஒரு ஸ்தாயிக்கு 72! நம் பன்னிரண்டு சுரஸ்தானங்களில் ஒவ்வொன்றையும் ஆறாக வெட்டினால் என்ன வருமோ அது. பியானோவில் இரண்டு கட்டைக்கு நடுவில் இருக்கிற, யாரும் தொட முடியாத இடமெல்லாம் இதில் தொட முடியும்.

இந்த 720 சுரமும் எந்நேரமும் வெளிச்சமாக வந்துகொண்டே இருக்கும், மேலிருந்து கீழாக வரிசையாக நின்று. அவற்றுக்கு முன்னால் ஒரு பெரிய கண்ணாடிப் பலகை. அதன் மேல் காயாத கருப்புப் பசை பூசியிருக்கும், அது மூடியிருக்கும்வரை ஒரு சத்தமும் இல்லை. இசையமைப்பாளர் ஒரு கூரான கருவியை எடுத்து அந்தப் பசையைக் கீறுகிறார். கீறின இடத்தில் வெளிச்சம் நுழைகிறது, அந்த உயரத்திலுள்ள சுரம் ஒலிக்கிறது. ஒரு நேர்கோடு போட்டால் நீளமான ஒரே சுரம், சாய்த்து இழுத்தால் ஜாரு போல வழுக்கிக்கொண்டு போகும், மொத்தமாகச் சுரண்டினால் நூறு சுரம் ஒன்றாகக் கிளம்பும். பிடிக்கவில்லையா, பசையை மறுபடி தடவி மூடிவிட்டு வேறு மாதிரி கீறலாம். நான் ஃபிலிமில் எதைக் கெடுதல் என்று நினைத்தேனோ, அந்தக் கீறல்தான் அங்கே பாட்டு. ஒட்டின் மேல் நான் பூசின கருப்பு மைதான் அங்கே மௌனம். இதை முதன்முதலில் ஒரு வீடியோவில் பார்த்தபோது மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளுக்கு என் பரபரப்பு புரியவில்லை, பாவம்.

புகைப்படத்துக்கு வருகிறேன். இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவரின் கீழே 'இசையமைப்பாளர் எடுவார்த் ஆர்த்தெமியெவ்' என்று போட்டிருக்கிறீர்கள். அவர் முர்ஸின். உங்கள் கட்டுரை முழுவதிலும் முர்ஸின் பெயர் ஒரே ஒரு தடவை, அதுவும் "ஒரு பொறியாளரின் உதவியுடன்" என்ற வாக்கியத்தில்தான் வருகிறது. இருபது வருஷம் உழைத்தவர் உதவியாள் ஆகிவிட்டார். எங்கள் தொழிலிலும் இதே கதைதான், படம் நூறு நாள் ஓடினால் கட்அவுட் வேறு ஆளுக்கு, அதை ஓட்டினவன் பெயர் யாருக்குத் தெரியும்? இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் சொந்தக் கடுப்பும் கலந்திருக்கிறது, மன்னிக்கவும்.

ஆர்த்தெமியெவைக் குறைத்துச் சொல்லவில்லை. 1937-ல் நொவொசிபிர்ஸ்கில் பிறந்து, மாஸ்கோ கன்சர்வேட்டரியில் படிப்பு முடித்த கையோடு 1960-ல் முர்ஸினிடம் வந்து சேர்ந்தார், அந்தக் கருவியில் தன் கையைப் பழக்கிக்கொண்ட முதல் சிலரில் ஒருவர். இயந்திரம் அப்போது இருந்தது எங்கே? ரகசிய அறையில் இல்லை. மாஸ்கோவில் அர்பாத் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில், ஸ்கிரியாபின் கடைசியாக வாழ்ந்து செத்த வீட்டில், 1922-லிருந்து அரசு அருங்காட்சியகமாக இருக்கும் அதே கட்டடத்தில். அங்கேதான் அறுபதுகளின் நடுவில் சோதனை மின்னணு இசைக்கூடம் என்று முறைப்படி அமைந்தது, அதுவும் அரசின் ஒரே ரெக்கார்டு நிறுவனமான மெலோதியாவின் கீழ். வாசலில் பலகை வைத்துச் சம்பளம் கொடுத்து நடத்தின இடம். அல்ஃபிரெட் ஷ்னீட்கே, ஸோஃபியா குபைதூலினா, எடிசன் தெனிஸொவ், எல்லாரும் அங்கே வந்து வேலை செய்தார்கள். ஷ்னீட்கேயின் 'ஓடை' 1969, தெனிஸொவின் 'பறவைகளின் பாட்டு' 1969, குபைதூலினாவின் 'உயிருள்ளதும் உயிரற்றதும்' 1970.

அப்படியானால் தணிக்கை எங்கே இருந்தது? இங்கேதான் உங்கள் கட்டுரையோடு எனக்குச் சண்டை. 'தடை' என்றால் நமக்கெல்லாம் உடனே போலீஸ், பூட்டு, சீல் ஞாபகம் வருகிறது. சோவியத்தில் இசைக்கு நடந்தது பெரும்பாலும் அப்படி இல்லை, குறைந்தபட்சம் ஸ்டாலினுக்குப் பின்னால். 1936-ல் கட்சிப் பத்திரிகை பிராவ்தா, இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சின் ஓபராவை 'இசைக்குப் பதில் குழப்பம்' என்று தலைப்புப் போட்டுக் கிழித்தது. 1948 பிப்ரவரியில் கட்சி மத்தியக் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டு ஷோஸ்தகோவிச், புரொகோஃபியெவ், கச்சதூரியன் எல்லாரையும் 'ஃபார்மலிஸம்', அதாவது மக்களுக்குப் புரியாத உருவ மோகம் என்று சாடியது. அந்த வருஷம் இசையமைப்பாளர் சங்கத்தின் தலைமையில் உட்கார்ந்த திகன் ஹ்ரென்னிகொவ், சோவியத் யூனியன் கலைகிற 1991 வரை எழுந்திருக்கவே இல்லை. 43 வருஷம். 1958-ல், முர்ஸின் இயந்திரம் முடிந்த அதே வருஷம், கட்சி அந்தப் பழைய தீர்மானத்தில் தவறு இருந்ததாக ஒப்புக்கொண்டது. ஆனால் நாற்காலியில் ஆள் மாறவில்லை.

அந்த நாற்காலிக்கு இருந்த அதிகாரம் என்ன? ஒரு சிம்ஃபொனி எழுதினால் அது காதுக்குப் போக எண்பது பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ரா வேண்டும், ஆர்க்கெஸ்ட்ரா அரசுடையது. அரங்கம் வேண்டும், அதுவும் அரசுடையது. நோட்டு அச்சாக வேண்டும், ரேடியோவில் வர வேண்டும், ரெக்கார்டு போட வேண்டும், அமைச்சகம் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு கையெழுத்து. யாரும் 'கூடாது' என்று எழுதித் தர மாட்டார்கள், ஒரு கையெழுத்து வராது, அவ்வளவுதான். ஒத்திகைக்கு ஹால் கிடைக்காது. அடுத்த சீசனில் பார்க்கலாம் என்பார்கள். அரசு அலுவலகத்தில் ஒரு பட்டா மாறுதலுக்கு அலைந்த யாருக்கும் இந்த முறை புதிதாக இருக்காது.

இப்போது முர்ஸினின் கண்ணாடிப் பலகையை மறுபடி பாருங்கள். இதில் வாத்தியக்காரர் இல்லை, கண்டக்டர் இல்லை, ஒத்திகை இல்லை. இசையமைப்பாளர் கீறுகிறார், அந்த நிமிஷமே கேட்கிறார். நடுவில் இருந்த அத்தனை கையெழுத்தும் போய்விட்டது! முர்ஸின் அரசியல் நினைத்து இதைச் செய்தாரென்று நான் சொல்லவில்லை, அவர் பொறியாளர், அவருக்கு வாசிப்பவரின் கை நடுவில் குறுக்கிடுவதுதான் பிரச்சினை. ஆனால் அந்த நாட்டில் அந்தக் கருவி வேறு ஒரு வேலையும் செய்தது. ஷ்னீட்கேயும் குபைதூலினாவும் அந்தச் சந்து வீட்டுக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம், ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கையெழுத்து முழுசாகப் போகவில்லை, கடைசிப் படியில் காத்திருந்தது. டேப்பில் பதிந்த இசை வெளியே போக ரெக்கார்டு வேண்டுமே. கூடம் மெலோதியாவின் கீழேதான் இருந்தது, ரெக்கார்டுத் தட்டு அடிக்கும் ஆலையும் அவர்களுடையதுதான், ஆனாலும் 1969-லும் 1970-லும் ஷ்னீட்கே, தெனிஸொவ், குபைதூலினா மூவரும் செய்ததெல்லாம் ஒன்று சேர்ந்து 'இசைக் காணிக்கை' என்ற ஒரு தட்டாக வெளிவந்தது 1990-ல். இருபது வருஷம் அலமாரியில். அதற்குள் கூடமே இல்லை, எழுபதுகளின் நடுவில் மூடிவிட்டார்கள். முர்ஸின் அதைப் பார்க்கவில்லை, 1970-லேயே போய்விட்டார்.

எக்ஸ்ரே ரெக்கார்டு விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஆஸ்பத்திரி எறிந்த எக்ஸ்ரே படத்தை வட்டமாக வெட்டி, அதில் பள்ளம் போட்டுப் பாட்டுப் பதிந்து விற்றது உண்மைதான், அதற்காகச் சிறைக்குப் போனவர்களும் உண்டு. ஆனால் விலா எலும்பின் மேல் சுழன்றது ஜாஸ், ராக் அண்ட் ரோல், நாட்டை விட்டுப் போனவர்கள் பாடின பாட்டு. காலமும் நாற்பதுகளின் கடைசியிலிருந்து அறுபதுகளின் தொடக்கம் வரை, அப்புறம் வீட்டு டேப் ரெக்கார்டர் வந்து அந்த வியாபாரத்தை முடித்தது. மின்னணு இசைக்கும் இதற்கும் முடிச்சுப் போட்டது கட்டுரைக்கு அழகு சேர்க்கத்தான் என்று படுகிறது.

தடை செய்யப்பட்டது 'மின்னணு ஒலி' என்பதும் சரியில்லை. 1980-ல் ரீகா நகரத்தின் 'ஸோதியாக்' குழு சிந்தசைசரை வைத்து 'டிஸ்கோ கூட்டணி' என்று ஒரு தட்டுப் போட்டது, அதே மெலோதியாதான் வெளியிட்டது, லட்சக்கணக்கில் விற்றது. 1982-லிருந்து யூரல் பக்கம் கச்கனார் என்ற ஊர் ஆலையில் 'பொலிவோக்ஸ்' சிந்தசைசரைச் செய்து கடையில் வைத்தார்கள், பார்க்க ராணுவ வயர்லெஸ் பெட்டி போல இருக்கும். ஆர்த்தெமியெவேகூட 1980 மாஸ்கோ ஒலிம்பிக் தொடக்க விழாவுக்கு இசை எழுதினவர். ஆக, கருவியின் மேல் யாருக்கும் பகை இல்லை. தாளம் போட்டு ஆடலாம், விண்வெளி வீரனைப் புகழலாம், விளையாட்டு விழாவை ஆரம்பிக்கலாம். ஆளில்லாமல், மெட்டில்லாமல், எதையும் புகழாமல் சும்மா ஒலியாக இருக்கும் ஒலிதான் அவர்களுக்குத் தொந்தரவு. 1979 நவம்பரில் சங்க மாநாட்டில் ஹ்ரென்னிகொவ் ஏழு பேரைப் பெயர் சொல்லித் தாக்கினாரே, அவர்களின் இசை கொலோன் நகரத்து விழாவில் அனுமதியின்றி வாசிக்கப்பட்டது என்ற கோபத்தில், அந்த ஏழு பேரில் குபைதூலினாவும் தெனிஸொவும் உண்டு. இருவரும் அந்தக் கண்ணாடிப் பலகையைக் கீறினவர்கள். குபைதூலினாவிடம் மாணவிக் காலத்தில் ஷோஸ்தகோவிச், உன் 'தவறான' பாதையிலேயே தொடர்ந்து போ என்று வாழ்த்தியதாகச் சொல்வார்கள். போனார், 93 வயது வரை போனார், 2025 மார்ச்சில் ஜெர்மனியில் இறந்தார்.

இத்தனை வருஷம் இவர்கள் சோற்றுக்கு என்ன செய்தார்கள்? சினிமா! கச்சேரி மேடைக்கு ஒரு சங்கம், சினிமாவுக்கு வேறு துறை, அங்கே இருந்த தணிக்கையாளர்கள் பார்த்தது வசனத்தையும் காட்சியையும். ஷ்னீட்கே அறுபதுக்கும் மேற்பட்ட படங்களுக்கு எழுதினார். மௌக்ளி கதையைச் சோவியத்தில் கார்ட்டூனாக எடுத்தபோது அதற்கு இசை குபைதூலினா. அரங்கத்தில் கேட்டால் 'இது என்ன இரைச்சல்' என்று கேட்டிருக்கும் அதே ஆள், திரையில் ஒரு காட்டையோ வேற்றுக் கிரகத்தையோ பார்த்துக்கொண்டே கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டான். இசை என்று யாரும் அவனிடம் சொல்லவில்லையே.

ஆந்த்ரேய் தார்கோவ்ஸ்கியின் 'ஸோலாரிஸ்', 1972. படம் முடிந்ததும் அதிகாரிகள் முப்பதுக்கும் மேற்பட்ட திருத்தம் கேட்டார்கள், கடவுள் என்ற எண்ணத்தை எடுத்துவிடு என்பதுகூட அந்தப் பட்டியலில் உண்டு, தார்கோவ்ஸ்கி நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவையும் தாண்டி வந்த அந்தப் படத்தில் ஆர்த்தெமியெவ், ஏ.என்.எஸ்.-ஐ வைத்துத்தான் ஸோலாரிஸ் என்ற அந்த வேற்றுக் கிரகத்துக் கடலுக்கும் விண்வெளி நிலையத்துக்கும் ஒரு மூச்சுக் கொடுத்தார். தார்கோவ்ஸ்கி அவரிடம் கேட்டது மெட்டு இல்லை, மெட்டுக்குப் பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இருக்கிறார், எனக்கு ஒலிகளைக் கட்டமைத்துக் கொடு என்பதுதான். ஏழு வருஷம் கழித்து 'ஸ்தால்கர்' படத்தில் மூன்று பேர் தண்டவாள வண்டியில் போகும் காட்சியைப் பாருங்கள், அல்லது கண்ணை மூடிக் கேளுங்கள். சக்கரம் தடதடப்பது எந்த இடத்தில் இசையாக மாறுகிறது என்று என்னால் இன்னும் பிடிக்க முடியவில்லை. அதற்குள் லண்டனிலிருந்து வாங்கின பெரிய சிந்தசைசருக்கு அவர் மாறிவிட்டிருந்தார்.

'ஸோலாரிஸ்' பற்றி என் மானம் போன ஒரு கதையைச் சொல்கிறேன். எண்பதுகளில் எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கம் ஒன்று அதைத் திரையிட்டது, 16 எம்.எம். பிரிண்ட், ஓட்டினது நான். விண்வெளி நிலையக் காட்சியில் 'ம்ம்ம்' என்று ஒரு அடிக்குரல் இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. சவுண்ட் விளக்கு தளர்ந்திருக்கிறது, இல்லை எர்த்தில் கோளாறு என்று நினைத்து, ஒலியைக் குறைத்துவிட்டு விளக்கைத் தட்டிப் பார்த்தேன், ஒயரை ஆட்டிப் பார்த்தேன். சங்கச் செயலாளர் இருட்டில் நாற்காலிகளில் இடித்துக்கொண்டு ஓடிவந்தார். "அண்ணே, கை வைக்காதீங்க, கை வைக்காதீங்க, அது படத்துல உள்ள சத்தம்!" என்றார். "இதுவாங்க?" என்றேன். "இதுதாண்ணே மியூசிக்" என்றார். அன்றைக்கு நான் நம்பவில்லை. மாஸ்கோவில் ஒருவர் பசையில் கீறி, அது ஃபிலிமின் ஓரத்தில் கோடாகி, என் விளக்கு வெளிச்சத்தில் மறுபடி சத்தமாகியிருக்கிறது, நான் அதை ரிப்பேர் செய்யப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பெயரையும் உங்கள் கட்டுரை விட்டுவிட்டது, லேவ் தெர்மென். தொடாமலே காற்றில் கையை ஆட்டி வாசிக்கும் வாத்தியத்தை 1920-ல் கண்டுபிடித்து 1922-ல் லெனினிடமே வாசித்துக் காட்டினவர். அமெரிக்கா போய்ப் பேர் வாங்கி, 1938-ல் ஊர் திரும்பி, அடுத்த வருஷமே கைதாகி, கொலிமா என்ற இடத்துக் கட்டாய உழைப்பு முகாம், அப்புறம் கைதி விஞ்ஞானிகளை அடைத்து வைக்கும் ஆராய்ச்சிக் கூடம். அங்கேதான் அமெரிக்கத் தூதருக்குப் பரிசாகப் போன மரச் சின்னத்துக்குள் இருந்த ஒட்டுக்கேட்கும் கருவியைச் செய்தார், ஏழு வருஷம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் மாஸ்கோ கன்சர்வேட்டரியில் ஒரு மூலையில் வேலை. 1967-ல் ஒரு அமெரிக்க நிருபர் அவரைப் பார்த்து, அட, உயிரோடிருக்கிறாரே என்று எழுதிவிட, மேலே இருந்த ஆள், மின்சாரம் இசைக்கானது இல்லை, மரண தண்டனை கொடுக்கத்தான் என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பினார் என்பார்கள். கருவிகளையும் வெளியே எறிந்தார்களாம். ஒரே நகரத்தில், ஒரே வருஷங்களில், ஒரு மின்னணு இசைக்கூடத்துக்கு அரசு சம்பளம், இன்னொருவர் தெருவில். 'தடை' என்ற ஒரே சொல்லில் இதை எப்படி அடக்குவது?

முர்ஸினின் இயந்திரம் பிழைத்ததும் ஒரு தனி ஆளால்தான். கூடம் மூடியபின் பழைய இரும்புக்குப் போக வேண்டியதை ஸ்தானிஸ்லாவ் கிரெய்ச்சி மாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு நகர்த்தினார், இசைத் துறைக்குக்கூட இல்லை, மொழியியல்காரர்களிடம். முர்ஸினோடு ஆரம்பத்திலிருந்தே இருந்த இசையமைப்பாளர் அவர், பல பத்து வருஷம் அதை ஓடும் நிலையில் வைத்திருந்தார். இப்போது அது மாஸ்கோ கிளிங்கா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 35 எம்.எம். புரொஜக்டரை எடைக்குப் போட்ட நாளில் நானும் அங்கே நின்றிருந்தேன், ஆகவே கிரெய்ச்சி செய்தது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும்.

நீளமாகிவிட்டது, வெட்ட வேண்டியதை வெட்டிக்கொள்ளுங்கள், உங்களிடமும் கத்திரி இருக்கிறது. வெட்டினாலும் பரவாயில்லை, அடுத்த ஞாயிறு ஒரு மூலையில் பிழைத்திருத்தம் மட்டும் போட்டுவிடுங்கள்: 'சென்ற வார இணைப்பில் வெளியான படத்தில் இருப்பவர் எவ்கேனி முர்ஸின்.'

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திரையரங்க ஆபரேட்டர்,
மதுரை.